பக்கத்து ஊருக்கு ஒரு பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளுக்கு எண்ணிட்டுக் காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவிடம் இலக்கியமும் தத்துவமும் எதிர்பார்க்கமாட்டீர்கள் என்ற துணிவினாலேயே ஒப்புக்கொண்டோம். செயலாளர் அவர்கள், "காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போய்வந்தவர்கள் முன்னரே பேசிவிட்டார்கள், நீங்கள் எங்கே போய்வந்தீர்கள்?" என்று வினவினார். "வர்தா" என்றோம். அவர் சிரித்துவிட்டார். நாகபுரியிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஊரைப் பற்றி இருபது நிமிடம் என்ன பேசுவது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நியாயமான ஐயமே. நாங்களும் புறப்படும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

"நாங்கள்" என்று பன்மையிற் பேசுவது பெருமைக்காக அன்று. சென்றவர்கள் இருவர். வண்டியை ஓட்டியவன் மகன். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் தந்தை. தந்தையாருக்கு வயது 77. முன்வரிசையில் மூன்றாவதாக, காதுக்குக் கருவி பொருத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, அவர்தாம். நாங்கள் பிழையாக ஏதேனும் சொன்னால் அங்கிருந்தே திருத்துவார்.

காலனிவாசிகளாகிய நமக்குத் தெரிந்த திசை ஒன்றே ஒன்று, அது தெற்கு. பாஸ் எழுதி வாங்கினோமா, சென்னைக்கு வண்டி ஏறினோமா, ஊர்போய்ச் சேர்ந்தோமா, கல்யாணம் காதுகுத்து முடிந்ததும் திரும்பினோமா என்பதே நம் பயணங்களின் வரலாறு. பல்லார்ஷா எப்போது வரும், விஜயவாடாவில் எந்தப் பக்கம் தண்ணீர்க்குழாய் இருக்கிறது என்பதெல்லாம் நம் குழந்தைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இந்த விதர்ப்ப பூமியில் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, பக்கத்து ஊருக்குள் ஒரு தெருவேனும் நடந்திராதவர்கள் நம்மில் எத்தனைபேர்! குறை சொல்வதாகக் கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் முதற்பெயர் எங்களுடையதே.

எங்கள் தந்தையார் 1969ஆம் ஆண்டில், அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த மோகனூருக்கு அருகிலுள்ள காவிரிக்கரைச் சிற்றூரிலிருந்து, தம் மாமன் ஒருவரை நம்பி நாகபுரிக்கு வந்தவர். 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஆனால் தந்தையாரின் வாயில் இன்றைக்கும் அது சேலம் ஜில்லாவே. கலாசியாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1981 முதல் சரக்கு வண்டிகளுக்குக் கார்டாக இருந்து, 2008இல் ஓய்வு பெற்றார். அந்தப் பதவிக்கு 2022ஆம் ஆண்டில் டிரெயின் மானேஜர் என்று பெயர் மாற்றினார்கள். செய்தியை வாசித்துக் காட்டியபோது, "மானேஜர் ஆகாமலே ரிட்டயர் ஆகிவிட்டேனே" என்று சொல்லிச் சிரித்தார்.

கார்டின் வாழ்க்கையை இக்காலத்துப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். கனத்த லைன் பெட்டி ஒன்று; அதனுள் சிவப்புக்கொடி, பச்சைக்கொடி, கைவிளக்கு, ஆபத்துக்காலத்தில் தண்டவாளத்தின்மேல் வைக்கும் வெடிகள், மருந்துப்பெட்டி, விதிப்புத்தகம். அவற்றோடு எங்கள் தாயார் கட்டிக்கொடுத்த புளிச்சோறும் இருக்கும். வண்டியின் கடைசியிலே பிரேக் வான். அதில் ஏறிவிட்டால் எட்டு மணியோ பத்து மணியோ, இறங்கும்வரை தனிமைதான். கப்ரி, கும்காவ், பூட்டிபோரி, போர்கேடி, சிந்தி, துளஜாபூர், சேலு ரோடு என்று நிலையங்களின் பெயரைத் தூக்கத்திற்கூட வரிசை மாறாமற் சொல்லுவார். வர்தாவை அவர் கடந்தது எத்தனை ஆயிரம் தடவையோ! வர்தாவில் இறங்கியும் இருக்கிறார்; ஓய்வறையில் உறங்கியும் இருக்கிறார். ஆனால் நிலையத்து வாசலைத் தாண்டி ஊருக்குள் அடியெடுத்து வைத்ததில்லை. "வேலை முடிந்தால் வீட்டுக்கு வண்டி எப்போது என்றுதான் மனம் பார்க்கும், ஊர் பார்க்க யாருக்குப் பொழுது இருந்தது?" என்பார்.

சேவாக்கிராமம் பார்க்கவேண்டும் என்று எங்கள் தாயார் பன்முறை கேட்டதுண்டு. தாயாரைப் பெற்ற தாத்தா கதர் அணிந்தவர். காந்தியடிகளின் படத்தைப் பூசை அறையில் வைத்திருந்தவர். ஆகையால் தாயாருக்கு அது க்ஷேத்திரம் போல. "அடுத்த லீவில் போகலாம்" என்று தந்தையார் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடின. தாயார் 2022இல் காலமானார். அதன்பின் இரண்டரை ஆண்டு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. சென்ற நவம்பரில் ஒருநாள் மாலை, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தந்தையார் திடீரென்று, "வர்தாவுக்கு ரோட்டுவழி எப்படி?" என்று கேட்டார். ரயிலை விட்டு ரோட்டைப் பற்றி அவர் கேட்டது அதுவே முதல் தடவை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். அந்தப் பயணத்துக்கு நாங்கள், அதாவது மகனும் மருமகளும், உடனே இசைந்ததற்குக் காரணம் தந்தையாரின் ஆசை மட்டும் அன்று. ஊரிலே எங்களுக்கு ஓர் ஓட்டு வீடும் முக்கால் ஏக்கர் தோட்டமும் உண்டு. தந்தையாருக்கும் அவர் தங்கைக்கும், அதாவது எங்கள் அத்தைக்கும், சமபங்கு. அத்தை இளமையிலேயே கணவரை இழந்தவர். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். வீட்டில் அத்தை ஒருவரே, பால்மாடு வைத்துக்கொண்டு காலங்கழிக்கிறார். அந்த வீட்டையும் தோட்டத்தையும் வாங்கிக்கொள்ள நாமக்கல்லிலிருந்து ஒருவர் முன்வந்தார். எங்கள் பங்குக்கு 18 லட்சம் கிடைக்கும். குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை: பணி ஓய்வு பெற்றால் அரசாங்க வீட்டையும் விட்டு இறங்கவேண்டும். அதற்குமுன் இந்த நாகபுரியில் ஒரு சிறு பிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிடவேண்டும் என்பது எங்கள் கணக்கு. விற்பனைக்காகத் தந்தையார் கையொப்பமிட வேண்டிய அதிகாரப் பத்திரத்தின் நகல் தயாராக இருந்தது. வீட்டிலே அந்தப் பேச்சை எடுத்தால், காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். காருக்குள் கழற்றி வைக்க மேசை ஏது? ஆகவே பத்திரத்தை மடித்து, காரின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டோம்.

டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. வண்டி எங்கள் பழைய மாருதி ஆல்ட்டோ. மூன்றாம் கையாக வாங்கியது. நாற்பத்தைந்து வயதுக்குமேல் ஓட்டக் கற்றவனின் கையில் அது வேகமாகப் போகாது என்பதே தந்தையாருக்கு ஆறுதல். புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து நான்கு சக்கரங்களையும் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். பின்விளக்கை ஏற்றச்சொல்லி, பின்னால் நின்று உறுதி செய்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, "அஜ்னி புறப்பாடு 6.10" என்று எழுதினார். பின்னிருக்கையிற் போய் அமரப் போனவரை வற்புறுத்தி முன்னே அமர்த்தினோம். சிறிது தூரம் போனதும் அவர் சொன்னார்: "கடைசியில் உட்கார்ந்து, கடந்துபோன ஊரையே பார்த்துப் பழகிவிட்டேன். ஊர் எதிரே வருவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

கைப்பேசியில் வழிகாட்டும் அம்மணி, சம்ருத்தி நெடுஞ்சாலை வழியே போகச்சொல்லி விடாமல் வற்புறுத்தினாள். நாகபுரியிலிருந்து மும்பைப் பக்கத்துக்கு 701 கிலோமீட்டர் நீளத்திற் போடப்பட்டிருக்கும் அந்தப் பெருஞ்சாலையின் முதற்பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. வேகமாய்ப் போகிறவர்களுக்கு அது நல்ல சாலையே. ஆனால் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிற சாலை எங்களுக்கு எதற்கு? தந்தையார் வேறொரு காரணமும் கண்டார். "நிலையத்துக்கு நிலையம் ஆணை சொன்னால், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், பிரைவேட் நம்பர் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அது ஆணை. இந்தப் பெண் தானே பேசிக்கொண்டு போகிறாளே" என்று சொல்லி அவள் வாயை அடைக்கச் செய்தார்.

பழைய சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் பூட்டிபோரி. ரயிலிற் பார்த்த பூட்டிபோரி ஒரு சிற்றூர். ரோட்டிற் பார்க்கிற பூட்டிபோரியோ தொழிற்சாலைகளின் காடு. அங்கேதான் சாலை பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் வர்தா. நேரே போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையோ ஹைதராபாத், பெங்களூர், சேலம், நாமக்கல், மதுரை என்று போய்க் கன்னியாகுமரியில் முடிகிறது. பிரிவுக்கு அருகில் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினோம். நின்ற லாரிகளின் வரிசையில் TN 28 என்ற எண்பலகையோடு ஒரு டேங்கர். தமிழ் எழுத்தில் முருகன் துணை. தந்தையார் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அங்கே போய்விட்டார்.

ஓட்டுநர் முப்பது வயது இளைஞர், பரமத்தி பக்கத்துக்காரர். "எந்த ஊருங்க ஐயா?" என்று அவர் கேட்க, மோகனூர் என்று இவர் சொல்ல, இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். காவிரியில் தண்ணீர் எப்படி, வாய்க்கால் பாய்கிறதா, வெற்றிலைக் கொடிக்கால் இன்னும் இருக்கிறதா, கோரை என்ன விலை என்பதே பேச்சு. "இங்கிருந்து நேரே போனால் வீடு எத்தனை நாள்?" என்று கேட்டார் தந்தையார். "நிறுத்தாமல் ஓட்டினால் ரெண்டு நாளுங்க ஐயா. நீங்க போய் எத்தனை நாளாச்சு?" என்றார் ஓட்டுநர். தந்தையார் விடை சொல்லாமல், அவர் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிவந்தார். காரில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி முன்பெட்டியைத் திறந்தார். நாங்கள் அப்போது தேநீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது, கண்ணாடியும் துடைக்கப்பட்டிருந்தது.

வலப்பக்கம் திரும்பினோம். இருமருங்கும் கரிசல் நிலம், பருத்தி வெடித்து வெண்மையாய் நிற்கிறது, இடையிடையே துவரை. பருத்தி எடுக்கும் பெண்கள் இடுப்பில் துணியைக் கட்டி அதனுள் பஞ்சைத் திணித்துக்கொண்டு நிரைநிரையாய் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் சாலையை மட்டும் பார்த்தோம். தந்தையார் எல்லாவற்றையும் பார்த்தார்.

சேல்டோ என்றொரு கிராமம் வந்தது. நிறுத்திப் பார்க்க அங்கே எங்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை. ஆனால் ஒரு செய்தி சொல்லவேண்டும். தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள், இங்கிலாந்தில் கணக்காய்வு கற்று, அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று, மேனாட்டு உடையோடு காந்தியடிகளைக் காணச்சென்று, பின்னர் கதருக்கு மாறியவர். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வர்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தியவர் அவரே. பிற்காலத்தில் இந்தச் சேல்டோவில் உழவுக்காக ஓர் ஆசிரமம் அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் "பண்ணை ஆசிரமம்". மராட்டிய மண்ணிலே தமிழ்ச்சொல்! பிறகு மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்தார். இதைச் சொன்னபோது தந்தையார், "அவர் கடைசியில் ஊர்ப்பக்கம் போய்விட்டார், இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் உட்பொருள் அப்போது விளங்கவில்லை.

கேல்ஜரில் குன்றின்மேல் இருக்கும் பிள்ளையாருக்குக் காரிலிருந்தே கும்பிடு. அடுத்துப் பவனார்.

பவனாரில் தாம் ஆறு ஓடுகிறது. டிசம்பரில் தண்ணீர் முழங்கால் அளவு. பாறைகளுக்கிடையே தெளிந்து ஓடுகிறது. கரையிலே வினோபா பாவே அவர்களின் ஆசிரமம். பெண்கள் தாமே உழைத்து, தாமே நிர்வகித்து வாழ்வதற்கென 1959இல் அங்கே பிரம்ம வித்யா மந்திரை அவர் நிறுவினார். 1982 நவம்பரில் அங்கேயே உயிர்நீத்தார். 1951ஆம் ஆண்டு தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதானம் தொடங்கியபின், ஆண்டுக்கணக்கில் நாடு முழுவதும் கால்நடையாய்ச் சென்று நிலம் கேட்டார். தமிழ்நாட்டிலும் 1956, 57ஆம் ஆண்டுகளில் நடந்தார். "உங்களுக்கு ஐந்து மக்கள் இருந்தால் என்னை ஆறாவது மகனாகக் கொண்டு பங்கு கொடுங்கள்" என்னும் கருத்துப்படக் கேட்பாராம். தந்தையார் படித்துறையில் கால்களைத் தண்ணீரில் விட்டு அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். நாங்கள் இரண்டு முறை பேச்சை எடுக்க வாய்திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டோம். அந்த இடத்தில் பங்கு விற்கும் பேச்சு நாவில் வரவில்லை.

சேவாக்கிராமத்தை வருணிக்கப் புகுந்தால் பொழுது போதாது. 1936ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் காந்தியடிகள் குடிவந்தபோது அதன் பெயர் சேகாவ். இங்கே நம் இலாகாக்காரர்கள் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. பூசாவல் பாதையில், அகோலாவுக்கு அப்பால் ஷேகாவ் என்று வேறோர் ஊர் இருப்பதை அறிவீர்கள். சேகாவுக்கு வரவேண்டிய கடிதங்கள் ஷேகாவுக்குப் போய்க் குழப்பம் விளைந்ததனால், 1940இல் இந்த ஊருக்குச் சேவாக்கிராமம் என்று பெயர் மாற்றினார்கள். இதைக் கேட்டுத் தந்தையார் வயிறு குலுங்கச் சிரித்தார். "மகாத்மாவின் தபாலே வழிதவறியதென்றால், நம் வாகன் ஒன்று தவறியதற்கு மெமோ கொடுத்தார்களே!" என்றார்.

மண்சுவர், மூங்கில், நாட்டு ஓடு, சாணமிட்ட தரை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பாபு குடிலுக்குள் நுழைந்தோம். பாய், கைராட்டை, சிறு சாய்பலகை. அப்பால் ஓர் அறையில் வைஸ்ராயின் அரசாங்கம் பொருத்திய தொலைபேசி. பாம்பைக் கொல்லாமற் பிடித்துக் காட்டில் விடுவதற்கு வைத்திருந்த கூண்டு. 1942 ஜூலையில், வெள்ளையனே வெளியேறு என்னும் கோரிக்கைக்கான தீர்மானத்தைக் காங்கிரஸ் காரியக் கமிட்டி நிறைவேற்றியது வர்தாவில். அந்நாளில் உலகமே உற்றுக் கவனித்த ஊர், இந்த ஓட்டுக் குடிசைகளை அண்டிய ஊர்தான். ஆதாரக் கல்வியை இங்கே நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆரியநாயகம். யாழ்ப்பாணத்துத் தமிழர், தாகூரிடம் பணியாற்றிவிட்டு வந்தவர். அவர் துணைவியார் ஆஷாதேவி வங்காளி. ஊர்விட்டு ஊர் வந்து இந்த மண்ணுக்கு உழைத்த தமிழர்களை நம் காலனிக் குழந்தைகளுக்கு நாம் ஒருநாளேனும் சொல்லியிருக்கிறோமா?

காந்தியடிகள் நட்ட அரசமரத்தின் கீழே அமர்ந்தோம். அருகே கஸ்தூர்பா அம்மையார் நட்ட மகிழமரம். தந்தையார் தோட்பையிலிருந்து எங்கள் தாயாரின் சுங்குடிச் சேலையில் கிழித்த ஒரு துண்டை எடுத்து விரித்து, அதன்மேல் கட்டுச்சோற்றை வைத்தார். அதை அவர் கொண்டுவந்தது எங்களுக்குத் தெரியாது. புளிச்சோறு சாப்பிட்டு முடித்தபின் அவரே தொடங்கினார்.

"பெட்டியில் இருக்கும் காகிதத்தை பூட்டிபோரியிலேயே பார்த்துவிட்டேன், தம்பி."

எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

"1991இல் உனக்கு மஞ்சட்காமாலை கண்டு இரண்டு மாதம் கிடந்தாயே, நினைவிருக்கிறதா? அப்போது ஊரிலிருந்து ஓர் ஆள்மூலம் நாலாயிரம் ரூபாய் வந்தது. மாடு விற்ற பணமா என்று எழுதிக் கேட்டேன். இல்லை, சீட்டுப்பணம் என்று உன் அத்தை பதில் எழுதினாள். இரண்டு எருமையும் கோமாரியில் செத்துப்போயின என்று வேறொரு கடிதம் அடுத்த மாதம் வந்தது. 2008இல் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனபோதுதான், எருமைகளை வாங்கினவரே என்னிடம் சொன்னார், நல்ல கறவை என்று."

"அத்தைக்கு அவர் பங்கு போய்ச் சேரும் அப்பா, நாம் ஒன்றும் பறிக்கவில்லையே" என்றோம்.

"பங்கு சேரும். அதை வைத்துக்கொண்டு அவள் எந்தத் திண்ணையில் உட்காருவாள்? எழுபது வயதில் திருப்பூர் லைன் வீட்டில் மாடு கட்டுவாளா?" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். அவள் உயிரோடிருக்கும்வரை முழு வீடும் தோட்டமும் அவள் அனுபவிக்கட்டும் என்று வேறொன்று எழுதிப் பதிவு செய்யப்போகிறேன். அதற்கப்புறம் நீயும் அவள் மகனும் பார்த்துக்கொள்ளுங்கள். உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், உன்னிடம் சொல்லத்தான் நேரம் வாய்க்கவில்லை" என்றார்.

அன்பர்களே, அந்தக் கணத்திலேயே மனம் தெளிந்தது, கண்ணீர் பெருகியது என்று சொன்னால் அது பொய். கோபமே வந்தது. பன்னிரண்டு ஆண்டில் விடவேண்டிய குவார்ட்டர்ஸ் கண்முன் நின்றது. வீட்டிலே மருமகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. சேவாக்கிராமத்திலிருந்து வர்தாவுக்கு எட்டு கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எருமைகளைப் பற்றிய நினைவுதான் வந்து வந்து போயிற்று. பதின்மூன்று வயதில், அத்தை கொடுத்தனுப்பிய பணத்தில் வாங்கிய மருந்து என்று அறியாமலே அதைக் கசக்கிறதென்று துப்பியிருக்கிறோம்.

வர்தா நகரத்தில் கண்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். காந்தியடிகள் 1938இல் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயத்தில் விதவிதமான ராட்டைகளும் கிராமக் கைத்தொழிற் கருவிகளும் இருக்கின்றன. செக்கைப் பார்த்ததும் தந்தையாரின் முகம் மலர்ந்தது. ஜம்னாலால் பஜாஜ் அவர்கள் 1928இலேயே ஹரிஜனங்களுக்குத் திறந்துவிட்ட லட்சுமிநாராயணர் கோயிலைத் தரிசித்தோம். காலனிக்கென்று கோரஸ்பாக் இரண்டு பெட்டி வாங்கினோம். ஊருக்குத் திரும்புமுன் கடைசியாக ஓர் இடம் பார்க்கவேண்டும் என்றார் தந்தையார். எது என்று கேட்டோம். "ஸ்டேஷன்" என்றார்.

வர்தா நிலையத்தின் முன்வாசலில் நின்று, பெயர்ப்பலகையை ஏதோ கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். "இந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்ததே இல்லை" என்றார். ரிட்டயர் ஆனவரிடம் யார் சீட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லியும் கேளாமல், இருபது ரூபாய் கொடுத்து இரண்டு பிளாட்பாரச் சீட்டு வாங்கினார். உள்ளே ஒரு பெஞ்சில் அமர்ந்தோம். சிறிது நேரத்தில் நிலக்கரி வண்டி ஒன்று பல்லார்ஷாப் பக்கத்திலிருந்து மெதுவாக வந்து கடந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட வாகன்கள். தந்தையார் ஒவ்வொன்றையும் உதட்டசைத்து எண்ணினார். கடைசியில் பிரேக் வான் வந்தபோது எழுந்து நின்று, வலக்கையை நீட்டி உயர்த்தினார். வானில் நின்ற இளைஞர் ஒரு கணம் திகைத்தார்; பிறகு புரிந்துகொண்டவராய், கையிலிருந்த பச்சைக்கொடியை இவருக்கென்றே ஒருமுறை வீசிக் காட்டினார். வண்டி வளைவில் மறையும்வரை தந்தையார் நின்றுகொண்டேயிருந்தார்.

பெஞ்சில் அமர்ந்தபின் நாங்கள் கேட்டோம்: "ஊரில் பதிவுக்கு எப்போது போகவேண்டும் அப்பா?"

"தை பிறக்கட்டும்" என்றார்.

தை பிறந்தது, சென்றோம். 1969இல் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது ரயிலேறக் கரூர் வரை போகவேண்டியிருந்தது. சேலம் கரூர் பாதை 2013இல் திறந்தபின் மோகனூருக்கே ரயில் வந்துவிட்டது. அத்தை நிலையத்துக்கே வந்து நின்றார். பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது, "இதெல்லாம் எதுக்குங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். பிளாட் இன்னும் வாங்கியபாடில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு மனுப் போட்டிருக்கிறோம். மருமகளுக்கும் எங்களுக்கும் இடையே அதுபற்றிய விவாதம் இன்றைய தேதிவரை முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அன்று மாலை வீடு திரும்பியதும் தந்தையார் குறிப்பேட்டில், "அஜ்னி வருகை 7.40. தாமதம் 1 மணி. காரணம்: வர்தா ஸ்டேஷனில் நிறுத்தம்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வேட்டில் அடுத்த பக்கத்தில் இப்போது ராம்டேக் என்று எழுதப்பட்டிருக்கிறது. குன்றின்மேல் ராமர் கோயில். காளிதாசன் மேகத்தைத் தூதுவிட்ட ராமகிரி அதுவே என்பர். இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வரும் ஞாயிறன்று புறப்படுகிறோம். பின்னிருக்கையில் இரண்டு இடம் காலி. காலனியில் யாருடைய பெற்றோரேனும் வர விரும்பினால் சனிக்கிழமைக்குள் தெரிவிக்கலாம். 6.10க்கு மேல் வண்டி ஒரு நிமிடமும் நிற்காது என்பது கார்டின் உத்தரவு.